பாதுகாப்பான வைஃபை

“கேட்ட தளத்துக்கு ஆளை நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இணையத்தின் அறம். நடுவில் புகுந்து வேறு தளத்துக்குத் திருப்பிவிடும் கயவன் எவனும் எங்கள் வைஃபையில் வாலாட்ட முடியாது” என்று மைக்கில் முழங்கினார் அறிவரசன். பெரம்பலூர்ப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் கணினித் துறைத் தலைவர். அங்கே நடந்தது அரசின் பொறியியல் கலந்தாய்வுக்கான இலவச உதவி முகாம்.

விக்கிரமங்கலத்துக் கவியா எழுந்தாள். “சார், கவுன்சலிங் தளத்தைத் தட்டினா உங்க காலேஜ் சேர்க்கைப் படிவம்தான் வருது.”

“மறுபடி தட்டும்மா.”

“நாலு தடவை தட்டிட்டேன் சார். இன்னைக்குத்தான் கடைசி நாள், அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. என் மார்க்குக்குக் கவர்மெண்ட் காலேஜே கிடைக்கும்.”

அவள் அம்மா கலையரசி கும்பிட்டாள். “வூட்ல நெட்டு இல்லன்னு ரெண்டு பஸ் மாறி வந்தோம். எவன் திருப்புறான்னு கண்டுபிடிங்க சார்.”

அறிவரசன் வியர்த்தபடி விசைப்பலகையைத் தட்டினார். “வெளிநாட்டு ஹேக்கருங்கம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியலை.”

மணி ஐந்தானது. கவியா அழுதுகொண்டே திரையிலிருந்த படிவத்தை நிரப்பினாள்.

ஆசிரியர் ஒவ்வொருவரும் பத்து மாணவரைச் சேர்த்துவிட்டால்தான் அங்கே வேலை நிலைக்கும். அன்று காலை தன் கையாலேயே தளத்தைத் திருப்பி வைத்த அறிவரசனுக்குக் கவியா ஆறாவது ஆள்.