பொன்னுரங்கத்தின் ஒரே படம்

பொன்னுரங்கம் என்ற கழுதை இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டுமென்று அதன் மனைவி செங்கமலம் மரங்கொத்தியின் ஸ்டுடியோவுக்கு வந்தது. கணவர் மகளோடு வீடியோ காலில் பேசியபோது எடுத்த ஸ்கிரீன்ஷாட் ஒன்றுதான், அதுவும் ஒரு பென் டிரைவில், அதனிடம் மிஞ்சியிருந்தது. முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது.

"கவலைப்படாதீங்கம்மா, ஆளை அப்படியே கொண்டாந்துடறேன்" என்றது மரங்கொத்தி. தன் தொழிலில் அதற்கு அபார நம்பிக்கை. அலகால் மௌஸைக் கொத்திக் கொத்திக் கட்டங்களைக் கரைத்தது. கண்ணுக்கு ஒளி ஏற்றி, காவிப் பல்லை வெளுத்தது. வாயில் தொங்கிய சுவரொட்டித் துண்டை அழித்தது. கிழிந்திருந்த காதையும் ஒட்டியது.

செங்கமலம் திரையை வெகுநேரம் பார்த்தது.

"ரொம்ப லட்சணமா இருக்கார். இவரை அனுப்பிட்டு எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க தம்பி."

மரங்கொத்தி பழைய படத்தைத் தேடியது. புதியதைப் பென் டிரைவில் அதன் மேலேயே சேமித்து, மென்பொருளையும் ஒருமுறை மூடித் திறந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. இனிப் பின்னால் போக வழியில்லை.

"வேணும்னா இதையே கொஞ்சம் மங்கலாக்கி, காதையும் கிழிச்சுத் தரட்டுமாம்மா?"

"அந்தக் காதைக் கடிச்சது எங்கண்ணன்" என்றது செங்கமலம். "அந்த மாதிரி உங்களுக்கு வருமா?"