சுலபமான இரண்டாம் பாதி

3x + 6 = 18 என்றால் x எவ்வளவு?

இரண்டாம் பாதியின் முதல் கேள்வியாகத் திரையில் அவ்வளவுதான் இருந்தது. படம் இல்லை, சுற்றிவளைப்பு இல்லை.

கைலாசநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது.

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். கேள்வி மாறவில்லை. நான்கு என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். அது இதைவிடச் சுலபம். மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

ஐம்பத்திரண்டு வயதில் இந்தத் தேர்வை எழுதவேண்டிய தலையெழுத்து அவருக்கு இல்லை. அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் எழுதுவது. சரஸ்வதிபுரத்தில் ஒன்பது வருஷமாக அதற்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார், அதுவும் இருப்பதிலேயே கடினமான ஐந்து கேள்விகளுக்கு மட்டும். ஒரு கேள்வியை ஒரு மணி நேரம் பிரித்து மேய்வார். மற்றதையெல்லாம் வாசலில் நிற்கிற வாட்ச்மேனே போட்டுவிடுவான் என்பது அவர் கட்சி.

போன மாதம் மகனைச் சேர்க்க வந்த காமாக்ஷி என்ற அம்மாள், உங்கள் மார்க் எவ்வளவு ஸார் என்று கேட்டுத் தொலைத்தாள். எழுதியிருந்தால்தானே மார்க்? இந்தத் தடவை எழுதுகிறேன், பாருங்கள் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

பக்கத்து வரிசையில் அவருடைய மாணவி ஸ்ரீவல்லி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். எழுதிப் பார்க்கக் காகிதம் மேல் காகிதமாகக் கேட்டு வாங்கினாள். ஒரு தடவை நெற்றியை மேசையில் வைத்து எடுத்தாள்.

கைலாசநாதன் அவளைப் பொறாமையோடு பார்த்தார்.

இரண்டாம் பாதியை ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்து முடித்தார். மிச்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தவரைப் பெற்றோர்கள் சூழ்ந்துகொண்டு, எப்படி இருந்தது என்றார்கள். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. இரண்டாம் பாதி ரொம்பச் சுலபம் என்றார். கூட்டம் குளிர்ந்துபோயிற்று. அடுத்த பேட்சுக்கு இரண்டு பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் ஸ்ரீவல்லி அழுதுகொண்டே வந்தாள். முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதியில் பாதிக் கேள்வி புரியவே இல்லை, மார்க்கையே ரத்து பண்ணிவிடப் போகிறேன் என்றாள்.

அவள் அப்பா செலுவநாராயணனுக்கு மானம் போயிற்று. "ஸார் சுலபம்கறார். நீ எந்த லோகத்துல எழுதினே?"

கைலாசநாதன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத்தான் நினைத்தார். அவள் போனை எடுத்து, ரத்து செய்வதற்கான பக்கத்தைத் தேட ஆரம்பித்ததும் அவரால் முடியவில்லை.

பிள்ளைகள் எழுதும்போது அதையே நினைத்துக் குழம்புவார்கள் என்று வகுப்பில் அவர் ஒருநாளும் வாய்திறக்காத விஷயம் அது. சொல்லிவிட்டார்.

"முதல் பாதியை நன்னா போட்டவாளுக்குத்தாம்மா அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டாம் பாதியைக் கஷ்டமாக் கொடுக்கும்."

அழுகை நின்றது.

செலுவநாராயணன் உடனே மனைவிக்குப் போன் போட்டு, ரொம்பக் கஷ்டமாக இருந்ததாம், ரொம்ப ரொம்பக் கஷ்டமாம் என்று தமிழிலும் கன்னடத்திலும் தெருவுக்கே கேட்கக் கூவினார். மற்ற பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைத் தனியே தள்ளிக்கொண்டு போய், உனக்கும் கஷ்டம்தானே என்று நயமாக விசாரித்தார்கள்.

ஸ்ரீவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றாள். கணக்கில் அவள் சூட்டிகை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முதல் பாதியில எத்தனை விட்டேள் ஸார்?"

"ஆறு. ஒரு தண்ணித் தொட்டிக் கணக்குக்குள்ள மாட்டிண்டுட்டேன்."