விட மாட்டோம்

ஏரியில் குப்பை கொட்ட வரும் லாரிகளை மறிக்க கஸ்தூரி ஞாயிறுதோறும் போய்விடுவாள். ஐந்தாறு பேர் வருவார்கள். சில வாரம் அவள் மட்டும்தான். தனியாக நின்றாலும் ‘விட மாட்டேன்’ என்று கத்தக் கூடாது, ‘விட மாட்டோம்’ என்றுதான் கத்த வேண்டும் என்பது அவள் கட்சி. அப்போதுதான் லாரிக்காரன் இவளுக்குப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பானாம்.

இந்த ஞாயிறு தட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, மகள் நிறைமதி வாசற்படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு. மடியில் அம்மாவின் ஒற்றைச் செருப்பு.

“விட மாட்டோம்! விட மாட்டோம்!”

கஸ்தூரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வழிய விடுடி, நேரமாகுது.”

“விட மாட்டோம்!”

“யாருடி அந்த ‘மாட்டோம்’? நீ ஒருத்திதான உக்காந்திருக்க?”

தெருமுனையில் முதல் லாரி ஹாரன் அடித்தது. நிறைமதி தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. செருப்பை விடாமல் கொஞ்சம் நகர்ந்து, படியில் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

“நீயும் வந்து உக்காரும்மா. ரெண்டு பேராயிடும்.”