ஒப்படைக்க வந்த இரண்டு நாள்

"சார், முந்நூத்தி நாப்பது ஃபைலோட தேதியும் மாறியிருக்குதுங்க."

ஜாஹிதா சொன்னதும் சுந்தரராஜுலு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னைக்கு மாறியிருக்குது?"

"போன மாசம் பதினொண்ணு, பன்னெண்டுங்க."

"அவனேதான்! அந்த ஏசுவடியான். உனக்கு முந்தி இந்தச் சீட்டுல இருந்தவன்."

கணபதி பகுதியில் சுந்தரராஜுலு செயற்கைக் கால் செய்யும் பட்டறை வைத்திருந்தார். கால் வாங்கியவர்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில். காலின் நீளம், முட்டியின் சுற்றளவு, எங்கே உரசுகிறது, எதைத் தேய்த்துச் சரிசெய்தார்கள் என்பது வரை. புரோகிராமுக்குள் ஒவ்வொருவரும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது அவர் விவரமெல்லாம் சேர்ந்த ஒரு கட்டு. அதை டிஸ்க்கில் எழுதி வைத்து, அடுத்த முறை அவர் வரும்போது இருந்தது இருந்தபடி எழுப்ப வேண்டும்.

"இந்தப் புரோகிராம் எழுதுன ஜாவா மொழியில அதுக்கு ஒத்தை வார்த்தை போதுமாம்மா. இவன் என்னடான்னா, 'அது பின்னால கை குடுக்காதுங்க, நானே தனியா எழுதறேன், ஒரு வாரம் குடுங்க'ன்னு நின்னான். முடியாதுன்னேன். எதிர்த்துப் பேசுனான். வேலைய விட்டு நின்னுக்கோன்னுட்டேன்."

"அப்புறமுங்க?"

"எல்லாத்தையும் ஒப்படைக்க அதே பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டு நாளும் வந்தான். காப்பி குடிக்கக்கூட எந்திரிக்கல. அப்பவே எனக்குச் சந்தேகந்தான். போறவன் எதுக்கு அவ்வளவு மும்முரமா உக்காந்திருக்கோணும்?"

ஜாஹிதா திரையைப் பார்த்தாள். "டிஸ்க்குல எழுதற முறையவே மாத்தியிருக்காருங்க. ஒத்தை வார்த்தை இருக்க வேண்டிய எடத்துல நாலு பக்கம் இருக்குது."

"கெடுத்துப்போட்டான். நீ கம்ப்ளெயிண்ட் எழுதும்மா, கையெழுத்துப் போட்டு ஸ்டேஷன்ல குடுத்தர்றேன்."

வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். ஆனைமலையிலிருந்து மாசாணியம்மாள் முதல் பஸ் பிடித்து வந்து, கழற்றிய காலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கும் அந்த அம்மாவோடதத் திறந்து பாத்தர்றனுங்க சார்" என்றாள் ஜாஹிதா. அவளுக்கு வேறொரு பயமும் இருந்தது. இடுப்பின் சாய்வையும் அளக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், நேற்றுத்தான் புரோகிராமில் அதைப் புதிதாகச் சேர்த்திருந்தாள்; அதனாலேயே பழைய ஃபைல்கள் திறக்காமல் போகலாம்.

பட்டனை அழுத்தினாள்.

மாசாணியம்மாள் திரையில் வந்துவிட்டார். இரண்டு வருடத்து அளவுகள், ஆறு தடவை தேய்த்த கணக்கு, ஒன்று விடாமல். இடுப்புச் சாய்வு என்ற புது இடத்தில் மட்டும் 'இனிமேல் அளக்க வேண்டும்' என்று இருந்தது.

ஜாஹிதா இன்னொருவரைத் திறந்தாள். இன்னொருவரை. பிறகு அந்த நாலு பக்கத்தையும் முதலிலிருந்து படித்தாள்.

"சார், இது கெடுத்ததில்லீங்க."

"பின்ன?"

"அந்த ஒத்தை வார்த்தையோட விட்டிருந்தா, நான் நேத்து ஒரே ஒரு அளவு சேத்தனுங்கல்ல, அதுக்கே புது புரோகிராம் பழைய ஃபைல் ஒண்ணையும் ஏத்துக்கிட்டிருக்காது. இவரு எழுதுனது பழசப் பழசாப் படிச்சுக்குது. இல்லாததுக்கு எடம் விட்டுக்குது. நாம இன்னும் நெனைக்காத அளவுக்குக்கூட எடம் விட்டு வெச்சிருக்காருங்க."

"தேதி மாறியிருக்குதுன்னியே?"

"ஒவ்வொருத்தரையாத் திறந்து, புது முறையில எழுதி, சரியா வந்துச்சான்னு மறுபடி பாத்திருக்காருங்க. முந்நூத்தி நாப்பது பேரையும்."

"ரெண்டு நாள்லயா?"

"ஒரு வாரத்து வேலைங்க சார். ரெண்டு நாள்ல முடிச்சிருக்காரு."

சுந்தரராஜுலு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்து ஏசுவடியானின் சூலூர் நம்பரை அழுத்தினார்.

"ஏனப்பா ஏசுவடியான்... உன்னையத்தான் நிறுத்திப்போட்டனே. அதுக்கப்புறமும் எதுக்குப்பா இதைச் செஞ்சே?"



"நிறுத்துனது என்னையத்தானுங்களே சார். அவங்க நடக்கோணுமில்லீங்களா?"