இருநூற்றுப் பதினேழில் ஒரு மேடு

"அந்த இருநூத்திப் பதினேழை விண்ணப்பத்துல எழுதாதே. எழுதினா நீ எனக்குத் தம்பியே இல்ல."

அக்காவின் குரல் மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளத்துத் தையல்கடை வரை கேட்டது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். சண்டையை அரைகுறையாகக் கேட்பது அவருக்குப் பிடிக்காது.

 அந்த எண்ணைத் தம்பி பெற்ற தாயிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"என் கம்ப்யூட்டரைத் திறந்து பாத்திருக்கே. இல்லேன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா வாயே திறக்கவில்லை. பதில் இல்லை என்றால் திருட்டுதான் என்று மாடிப்படியில் கூடியிருந்தவர்கள் அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. பூமிக்கடியில் அணுத்துகள்களை மோதவிட்டு, என்ன சிதறுகிறது என்று பதிவு செய்கிற இடம். கோடிக்கணக்கான மோதல்களை ஆள் வைத்துப் பார்க்க முடியாது என்பதால், எது புதுசு எது குப்பை என்று பிரிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்குவார்கள். பழக்குவது தம்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கிற தற்காலிக வேலை. பதிவுகளைக் கட்டிக் காப்பது அக்கா.

இந்த நேரத்தில்தான் மூன்று வருட ஆராய்ச்சிப் பதவி ஒன்று வந்தது. ஒரே ஒரு இடம். டாக்டர் பட்டம் வாங்கி நான்கு வருடம் தாண்டாதவர்களுக்கு மட்டும். நம் சயின்டிஸ்டுக்கு நான்கு வருடம் முடிய இன்னும் பதினொரு நாள்தான். இதைத் தவறவிட்டால் துகளுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

அவன் பழக்கிய கம்ப்யூட்டரோ, வரைபடத்தில் கோடு சமமாகப் போக வேண்டிய இடத்தில் ஒரு மேட்டைக் காட்டியது. ஆற்றல் அளவு இருநூற்றுப் பதினேழில். யாரும் பார்க்காத புதுத் துகள் என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும், வருடத்துக்கு ஒருமுறை தலைவர் ஒட்டிய உறை ஒன்றைப் பிரிக்கும்வரை யாரும் வெளியே மூச்சுவிடக் கூடாது. பெரும்பாலும் உள்ளே வெள்ளைத்தாள்தான் இருக்கும், இருந்தாலும் பிரித்த பிறகே பேச்சு. இந்த வருட உறைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

பொறுத்துக்கொள் என்று அக்கா கத்தினாள். பதினொரு நாள் போனால் அவர்கள் கணக்கில் நான் கிழவன் என்று தம்பி கத்தினான்.

"நீ கம்ப்யூட்டரைப் பழக்கின விதமே போதும்டா. அதை மட்டும் எழுது."

"பழக்கினவனுக்கு எவன் வேலை தருவான்? கண்டுபிடிச்சவனுக்குத்தான் தருவான்."

அம்மா மகன் பக்கம் சாய்ந்தாள். இதே பதவிக்கு அக்காவும் ஒருமுறை எழுதிப்போட்டு, கிடைக்காமல் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள். அந்த வயிற்றெரிச்சல்தான் என்று அம்மாவும் சொன்னாள், தையல்கடையும் சொன்னது. "கூடப் பொறந்தவளா நீ?" என்று அம்மா கேட்டே விட்டாள்.

அவள் கண் முன்னாலேயே தம்பி விண்ணப்பத்தை அனுப்பினான். மறுநாள் தன் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டான். அதன்பிறகு ஒரே அடுப்பில் இரண்டு சமையல். உப்பு டப்பாகூட இரண்டு.

இரண்டு மாதம் கழித்து நேர்முகத் தேர்வு. புதுச் சட்டையில் போனவன் எட்டாவது படத்தைக் காட்டும்போது, தேர்வுக் குழுத் தலைவி உட்காரச் சொன்னாள். அன்று காலையில்தான் கூடத்தில் உறையைப் பிரித்திருந்தார்கள், செய்தி குழுவுக்கும் வந்திருந்தது.

இந்த வருடம் உள்ளே வெள்ளைத்தாள் இல்லை. இருநூற்றுப் பதினேழில் இருப்பது துகளே அல்ல, ஆராய்ச்சியாளர்கள் நிதானமாக இருக்கிறார்களா என்று சோதிக்க, கூடத்து ஆள் ஒருவரை வைத்து ரகசியமாகப் பதிவுகளில் சேர்த்த பொய் என்று எழுதியிருந்தது. அந்த ஆள் யார் என்பது இன்னும் ஒரு வருடத்துக்கு வெளியே வராது. அது எழுதிக் கொடுத்த சத்தியம்.

அந்த மேட்டை இன்னும் ஐந்து பேர் கண்டிருந்தார்கள். ஐந்து பேரும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும்விட அதைத் துல்லியமாகப் பிடித்தது இவனுடைய கம்ப்யூட்டர்தான் என்று தலைவி வாய்நிறையப் பாராட்டினாள். பாராட்டிவிட்டு, எந்த மேட்டையும் காணாத ஒருத்திக்குப் பதவியைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தவன் பையைச் சுவரில் எறிந்தான். அந்தப் பொய்யை வைத்தவன் விளங்க மாட்டான், அவன் கை அழுகிப் போகும் என்று ஆரம்பித்து, அவன் வம்சத்தையே ஒரு மணி நேரம் இழுத்தான். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். அக்கா அடுப்படியில் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

அந்த மாதமே அவன் வேறு ஊருக்குப் போய், இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கும் வேலையில் சேர்ந்தான். சம்பளம் மூன்று மடங்கு, முகத்தில் களை மட்டும் இல்லை. அம்மாவும் அவனோடு போய்விட்டாள்.

அடுத்த வருடம் அக்கா, கூடத்தில் குளிரூட்டும் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் தம்பி வந்தான். சாட்சிக் கையெழுத்தைக் கடமைக்குப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தவனை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"என் வாய்ப்பூட்டு நேத்தோட முடிஞ்சுதுடா. அந்த மேட்டை உள்ள வச்சது நான்தான்."