கடைசி வீட்டுக்குக் குழாய்

“அண்ணி, அண்ணன் வந்ததும் சொல்லிடுங்க. தம்பி வீட்டுக்குத் தண்ணி வராம பண்ணிட்டாரு, ரொம்ப சந்தோஷம்னு.”

கொழுந்தன் போனை வைத்துவிட்டான். அவளுக்குக் காது சுட்டது.

கணவர் நகராட்சி இன்ஜினியர். ஊருக்குள் நெருக்கமாகக் கட்டும் வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் செலவு எவ்வளவு, வெளியே தள்ளித் தள்ளிக் கட்டியவர்கள் வரை குழாயை நீட்டினால் எவ்வளவு என்று ஒப்பிட்டு எழுதியவர் அவர்தான். வெளியே வேண்டாம் என்று முடித்துவிட்டார். அந்த வெளியேதான் போன வருஷம் தம்பி தனி வீடு கட்டிக்கொண்டு போனது.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் ஆரம்பித்தாள். மீட்டிங்கில் அவர் பேசுகிற அதே குரல், அதே தொண்டைச் செருமல்.

“ஒரே தெருவுல நாப்பது வீடு இருந்தா ஒரு குழாய் போதும். அங்க நாலு வீட்டுக்கு அதே நீளம் தோண்டணும். ரோடு தனி, விளக்கு தனி, சாக்கடை தனி. இதை யார் தலையில கட்டறது? சரியா சொல்றேனா சார்?”

“கணக்கு சரிதான்.”

“உங்க தம்பி பக்கம்தானே, போட்டுக்கலாம்னு சேர்மனே சொன்னாராமே?”

“சொன்னார்.”

“நீங்க முடியாதுன்னுட்டீங்க. நேர்மைன்னா இவர்தான்னு ஆபீசுக்கே புல்லரிச்சுப் போச்சாம். அங்க ஒருத்தி பிள்ளையைக் குளிப்பாட்ட தண்ணி லாரிக்குக் காத்துக் கிடக்கா. மனசா அது, இல்லே கருங்கல்லா?”

அவர் நாற்காலியை இழுத்துச் சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தார். ஒரே சுவரை வைத்துக் கட்டிய இரட்டை வீடு அது. அந்தப் பக்கம் தம்பி இருந்த பாதி. பூட்டியே கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வந்தவர்களை எல்லாம் இவர்தான் ஏதோ நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பினார்.

“வாயில என்ன கொழுக்கட்டையா? நேர்மையாளர் பேசலாமே.”

“நான் இங்க தும்முவேன். அவன் அந்தப் பக்கம் படுத்துக்கிட்டே, ‘அண்ணே, மாத்திரையைப் போடு, ஊரையே எழுப்பாதே’ம்பான்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரைப் போலவும் பேசத் தெரியாத மனுஷன். அச்சு அசல் தம்பியின் குரல்.

“அதுக்கும் குழாய்க்கும் என்னங்க சம்பந்தம்?”

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அங்க தண்ணி வந்துட்டா, அவன் இங்க திரும்பி வரவே மாட்டான்.”