இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர்

“டயரை வாசல் வரைக்கும் கொண்டாந்துட்டேன் சார். குனிஞ்சு ஒரு தடவை பார்த்துடுங்க,” என்றார் பல் டாக்டரம்மா.

டயர் கம்பெனியின் உத்தரவாத அதிகாரி குனிகிற ரகமல்ல. இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் வந்த புகார்களையெல்லாம் நாற்காலியில் சாய்ந்தபடி போட்டோவிலேயே பார்த்து, போட்டோவிலேயே தள்ளுபடி செய்தவர். மிக அதிகமான புகார்களைத் தள்ளியவர் என்பதற்காக, மறுநாள் தலைமை அலுவலகத்தில் அவருக்குக் கேடயம் தர இருந்தார்கள். ஐந்தரை மணிக்கு ரயில்.

“போட்டோ போதும்மா. காத்தைக் குறைச்சு வச்சு ஓட்டியிருக்கீங்க. உங்க டூரிங் பைக்கே நானூறு கிலோ. அதுக்கு மேல நீங்க, உங்க வீட்டுக்காரர், மூட்டை முடிச்சு. டயர் என்ன பண்ணும்?”

“நாலாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு. ரப்பர் ஏடு ஏடா உரியுது. போன டூர்ல மலை இறங்கும்போது ரெண்டு பேரும் பள்ளத்துல போயிருப்போம். இதே டயர் இன்னும் எத்தனை பேர் வண்டியில இருக்கோ? யாராவது சாகறதுக்குள்ள இது உற்பத்திக் குறைன்னு எழுதிக் குடுங்க, போதும்.”

“அதான் லெட்டர்ல தெளிவா எழுதியிருக்கேனே!” அதிகாரி தன் நடையைத் தானே ரசித்து வாசித்தார்: “‘மேற்படி டயர் முழுப் பாதுகாப்பானது. இன்னும் ஆறாயிரம் கிலோமீட்டர் அச்சமின்றி ஓட்டலாம்.’ சீல் வேற குத்தியிருக்கு, பாருங்க.”

“போட்டோவைப் பார்த்து நான் பல்லைப் புடுங்கினா விடுவீங்களா சார்?”

அதற்குள் வாட்ச்மேன் நனைந்துகொண்டு வந்தான்.

“ஐயா, உங்க காரு கெளம்ப மாட்டேங்குது. டிரைவர் தள்ளிக்கூடப் பார்த்துட்டாரு. இந்த மழைக்கு வாடகை வண்டி எதுவும் மேல வராதாம்.”

ஸ்டேஷன் மலைக்குக் கீழே இருந்தது. நடுவில் பதினொரு வளைவுகள். மணி ஐந்து.

“நான் அந்தப் பக்கம்தான் போறேன். ஏறிக்குங்க சார், இன்னொரு ஹெல்மெட் இருக்கு,” என்றார் டாக்டரம்மா.

கேடயம் கண்ணை மறைத்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிய அதிகாரி, வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த எதிலோ கால் இடறினார்.

“குப்பையை வாசல்ல போடாதேன்னு எத்தனை தடவைய்யா சொல்றது!” என்று திட்டிக்கொண்டே பின்சீட்டில் ஏறினார்.

எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது முதல் வளைவில்தான் அவருக்கு உறைத்தது. போட்டோ கண்முன் வந்தது. நடுவில் மொட்டை, ஓரத்தில் விரல் நுழைகிற விரிசல்.

“டாக்டரம்மா… கொஞ்சம் மெதுவா…”

“இருபதுலதான் சார் போறேன். இதுக்கு மேல மெதுவாப் போனா சாஞ்சுடும்.”

இரண்டாம் வளைவில் பின்சக்கரம் ஒரு சாண் நழுவி நின்றது. அதிகாரியின் உயிர் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தடுப்புச் சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கப்பால் பூமியே இல்லை, மேகம்தான் இருந்தது.

“வழுக்குதும்மா!”

“கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும். முதல்ல என் கழுத்தை விடுங்க சார், மூச்சு முட்டுது.”

“ஒண்ணும் ஆயிடாதே?”

“என்னைக் கேட்டா? நான் பல் டாக்டர். ஆறாயிரம் கிலோமீட்டர்னு எழுதினவர் நீங்க. ஸ்டேஷன் ஒன்பதுதான்.”

மூன்றாம் வளைவில், இன்சூரன்ஸ் பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லாதது நினைவுக்கு வந்தது. நான்காம் வளைவில், எதிரே ஹாரனை அலறவிட்டபடி ஒரு லாரி ஏறி வந்தது.

“நிறுத்துங்க! டயர் பழுது! ஐயோ, நிறுத்தும்மா தாயே, நான் புள்ளகுட்டிக்காரன்!”

லாரி கடந்ததும் வண்டி ஒரு பஸ் நிழற்குடையின் கீழ் போய் நின்றது. அதிகாரி இறங்கவில்லை, வழிந்தார்.

“பழுதுன்னு எப்படி சார் தெரியும்?”

“போட்டோவைப் பார்த்த அன்னிக்கே தெரியும்மா. நடுவுல ஒட்டு சரியில்ல. எங்க ஃபாக்டரி தப்புதான்.”

“அப்புறம் ஏன் பாதுகாப்பானதுன்னு கையெழுத்துப் போட்டீங்க?”

“அது ஆபீஸ் கையெழுத்தும்மா!”

“அப்போ இப்ப உங்க கையெழுத்தைப் போடுங்க.” டாக்டரம்மா மழைக்கோட்டுக்குள்ளிருந்து பாலிதீன் சுற்றிய படிவத்தை எடுத்து நீட்டினார்.

அதிகாரி அதை வாங்கி, ‘உற்பத்திக் குறை. இந்த வரிசை டயர்கள் அனைத்தையும் உடனே திரும்பப் பெற வேண்டும்’ என்று எழுதினார். தூங்கும்போதும் பிரியாத ஆபீஸ் சீலை, பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினார்.

“நான் நடந்தே போய்க்கறேன். கேடயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்.”

“அட, ஏறுங்க சார், ரயில் போயிடும்.” டாக்டரம்மா படிவத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார். “இது நேத்து மாட்டின வேற கம்பெனி டயர், புதுசுங்கறதால கொஞ்சம் வழுக்குது. நீங்க எழுதிக் குடுத்த டயர் வாட்ச்மேன்கிட்ட இருக்கு. வரும்போது கால்ல இடறி, குப்பைன்னு திட்டினீங்களே, அதான்.”